ஒரு சிரட்டை ரப்பர் பால்

சென்ற வார அத்தியாயத்தில் விஜயகலா செய்த காரியத்தை யாரும் ஏழுமலையிடம் சொல்லவில்லை. அது வாசகர்களுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

புதிதாக வாசிக்கிறவர்களுக்காக ஒரு சுருக்கம். எஹலியகொடைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம். அதன் கீழ் டிவிசனில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், கடைசிக்கு முந்தின காம்பரா ஏழுமலையுடையது. வாசலில் நிற்கும் ஶ்ரீ நம்பர் போட்ட பழைய ஒஸ்டின் காரும் அவனுடையது. மகள் ஷாமிளாவை நிவித்திகலைக்குக் கட்டிக்கொடுத்த பிறகு அந்த வீட்டில் மூன்றே பேர். ஏழுமலை காரை வாடகைக்கு ஓட்டுகிறான். மனைவி விஜயகலா ரப்பர் மரங்களில் பால் வெட்டுகிறாள். தம்பி சசி பாலைப் பதப்படுத்தும் ரப்பர் ஸ்டோரில் வேலை செய்கிறான்.

அந்தக் காரின் ரேடியேட்டர் அடிப்பக்கம் கொஞ்ச காலமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. காலையில் அதற்குத் தண்ணீர் ஊற்றுவது விஜயகலாவின் வேலை. மாலையில் தண்ணீர் குறைந்திருந்தால் அதற்கு அடி வாங்குவதும் அவள் வேலை.

"ஒழுங்கா ரொப்பி இருந்தா ஏன் கொறையுது?" என்பான் ஏழுமலை. அவனைப் பொறுத்தவரை அவன் வண்டியில் ஓட்டை இருக்க முடியாது. ஆகவே குற்றம் ஊற்றிய கையில்தான் இருக்க வேண்டும்.

நாட்டில் அப்போது போர்நிறுத்தம். அரசாங்கமும் புலிகளும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஏழுமலை எதிலும் கையெழுத்துப் போடவில்லை.

அவன் அடிக்கத் தொடங்கினால் அடுத்த காம்பராவில் தங்கம்மாவின் ரேடியோ சத்தம் ஏறும். அதற்கடுத்த காம்பராவிலும் ஏறும். அது அந்த லயத்தின் மரியாதை. புருஷன் பெண்சாதி விஷயம் மற்றவர் காதில் விழக்கூடாதல்லவா. அடித்த மறுநாள் ஏழுமலை டவுனிலிருந்து மாலுபாண் வாங்கி வருவான். மீன் வைத்த அந்த பாணை அவள் தின்று முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். தின்றுவிட்டால் விஷயம் முடிந்தது என்று கணக்கு.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் காதுக்கு மேலே காயம் பட்டபோது சசி குறுக்கே விழுந்தான். "இனிமே அண்ணி மேல கை பட்டுச்சு, ஒங்க வண்டிய ஆத்துல தள்ளிட்டுத்தான் எனக்கு மறுவேல," என்றான். லயமே கேட்டது. அன்றைக்கு மட்டும் ரேடியோவை மீறிக் கேட்டது.

மறுநாள் காலையில்தான் விஜயகலா அந்தக் காரியத்தைச் செய்தாள். பால் வெட்டுகிற பெண்களுக்கு வாளியில் ஓட்டை விழுந்தால் கவலை கிடையாது. சீலைத் துண்டை ரப்பர் பாலில் நனைத்து உள்பக்கமாக ஒட்டிவிடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் அது இறுகிவிடும். வாளிக்கு ஆகிறது காருக்கு ஆகாதா என்று அவள் நினைத்தாள். ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறையப் பாலை உள்ளே ஊற்றி, தண்ணீரை ரொப்பி, மூடியை இறுக்கினாள்.

சொட்டு நின்றுவிட்டது. அன்று மாலை தண்ணீர் குறையவில்லை. அடுத்த நாளும் குறையவில்லை. அவள் வீட்டில் சும்மா பாட்டு முணுமுணுத்ததை சசி கூடப் பார்த்துச் சிரித்தான். பாவம், அவள் சந்தோஷப்பட்டதே அதற்குத்தான்.

இன்றைக்குப் புதன்கிழமை. தோட்ட ஆபீஸ் கிளாக்கர் ஐயா குடும்பத்தோடு அவிசாவளையில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும். வேன் எத்தனையோ இருக்க, அவர் ஏழுமலையின் ஒஸ்டினைக் கேட்டிருந்தார். ஏழுமலைக்குத் தலைகால் புரியவில்லை. விடியற்காலையிலேயே காரைத் துடைத்து, கண்ணாடியில் சந்தனம் வைத்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினான்.

எஹலியகொடை தாண்டும்வரை எல்லாம் சரியாக இருந்தது. கிளாக்கர் அம்மா பின் சீட்டில் பட்டுச்சேலை கசங்காமல் உட்கார்ந்திருந்தார். "பழைய வண்டின்னாலும் நல்லா வச்சிருக்கியப்பா," என்று கிளாக்கர் ஐயா சொன்னார். ஏழுமலை சந்தோஷத்தில் ஒரு பஸ்ஸை முந்தினான்.

கெட்டஹெத்தைக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஏற்றத்தில் சூட்டு முள் மேலே போகத் தொடங்கியது. ஏழுமலை அதை விரலால் தட்டிப் பார்த்தான். முள் இறங்கவில்லை. ஏற்றம் முடிவதற்குள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. பொனட் ஓரமாக வெள்ளையாக ஆவி கிளம்பியது. அப்புறம் முன்கண்ணாடி முழுக்க ஆவி.

"என்னப்பா இது, பத்திக்கிச்சா?" என்று கேட்டுக்கொண்டே கிளாக்கர் ஐயா கதவைத் திறந்து குதித்தார்.

ஏழுமலை பொனட்டைத் தூக்கினான். ஃபேன் பெல்ட் அறுந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தான். பெல்ட் இருந்தது, இறுக்கமாகவும் இருந்தது. ஹோஸ் எதுவும் வெடிக்கவில்லை. ஃபேன் சுற்றுகிறது. பிறகு குனிந்து ரேடியேட்டரின் அடியைப் பார்த்தான்.

சொட்டு இல்லை.

அந்த இடத்தில் ஓட்டை இல்லவே இல்லை என்று இத்தனை நாள் பெண்டாட்டியை அடித்தவன், இப்போது அந்த ஓட்டையைத்தான் தேடினான். எப்போதும் ஈரமாக இருக்கும் மூலை வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. யாரோ கை வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணம் வந்ததும் கூடவே ஒரு குரலும் வந்தது. ஒங்க வண்டிய ஆத்துல தள்ளிட்டுத்தான் எனக்கு மறுவேல.

"ஏழுமல, நீ இந்தத் தகரத்த பழைய இரும்புக்குப் போடு," என்றார் கிளாக்கர் ஐயா. முகூர்த்தம் தவறிவிடும் என்ற எரிச்சல் அவருக்கு. "இனிமே தோட்டத்து ஆளுங்க யாரையும் இதுல ஏத்தாத. வழியில செத்து வைக்கப் போறாங்க."

ரோட்டோரக் கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு த்ரீவீலர் வந்து நின்றது. கிளாக்கர் அம்மா பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதில் ஏறினார். ஏழுமலையின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவன் எஞ்சின் ஆறும்வரை அங்கேயே குந்தியிருந்தான். கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார். ஊற்றிக்கொண்டு திரும்பினான். டவுனுக்கு வருவதற்குள் மறுபடி கொதித்தது. நிறுத்தி, ஆறவைத்து, ஊற்றி, மறுபடி கிளம்பினான். தோட்டத்து ஏற்றத்தில் வரும்போது அவன் நிறுத்தவில்லை. எஞ்சின் டக் டக்கென்று அடித்துக்கொண்டது. அது பாழாய்ப் போனாலும் பரவாயில்லை என்று மிதித்தான். கை வைத்தவன் கையில் கணக்குத் தீர்க்க வேண்டும், அது ஒன்றுதான் அவன் மண்டையில் இருந்தது.

சசி ஸ்டோரில் காலை வேலை முடித்து வந்து லயத்துத் தண்ணீர்ப் பீலியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். கார் ஆவி கக்கிக்கொண்டு வந்து நிற்பதைப் பார்த்து ஓடி வந்தான்.

"என்னாண்ணே ஆச்சு? ஆஃப் பண்ணுங்க, ஆஃப் பண்ணுங்க."

ஏழுமலை இறங்கினான். இறங்கிய வேகத்திலேயே தம்பியின் பிடரியைப் பிடித்து இழுத்து, பொனட்டைத் தூக்கி, அவன் தலையை உள்ளே குனிய வைத்தான்.

"தெற."

"எத?"

"மூடிய தெறடா."

"கொதிக்குதுண்ணே. இப்ப தெறந்தா மூஞ்சியில அடிக்கும். ஆறட்டும்."

"உள்ள என்னா போட்டு வச்சிருக்கன்னு பாக்கணும். தெற."

"நான் எதையும் போடல. சத்தியமா போடல. அண்ணே, விடுங்க."

ஏழுமலையின் கையில் சீட்டுக்கு அடியில் வைக்கும் சாக்குத் துண்டு இருந்தது. அதைத் தன் கையில் சுற்றிக்கொண்டான். சசியின் வலது கையைப் பிடித்து மூடியின் மேல் வைத்து, அதன் மேல் தன் கையை வைத்து அழுத்தித் திருகினான். சசி துள்ளினான். இடது கையால் அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தான். மூடி முதல் திருகில் சீறியது. இரண்டாவது திருகில் பறந்தது.

கொதிக்கிற தண்ணீர் சசியின் கை, கழுத்து, நெஞ்சு எல்லாவற்றிலும் அடித்தது. அவன் போட்ட சத்தத்தில் லயத்து நாய்கள் ஓடின. தங்கம்மாவின் காம்பராவில் ரேடியோ ஏறியது.

விஜயகலா பால் வாளியோடு மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். சசியை இழுத்துக்கொண்டு போய்ப் பீலியின் கீழ் உட்காரவைத்தாள். சட்டையை உருவியபோது முழங்கைக்குக் கீழே தோலும் சட்டையோடு வந்தது. சசி பற்களைக் கடித்துக்கொண்டு, "அண்ணி, அண்ணி," என்று மட்டும் சொன்னான்.

"இந்த வண்டிய எவன் கெடுத்தான்னு எனக்குத் தெரியும்," என்றான் ஏழுமலை. காரின் ஸ்டார்ட்டிங் ஹேண்டில் இப்போது அவன் கையில் இருந்தது. கனத்த இரும்பு, நுனி வளைந்தது. "ஆத்துல தள்ளுறதுக்குப் பதிலா இப்பிடி பண்ணியிருக்கான். கிளாக்கர் ஐயா முன்னால என்னைய நாறடிச்சான்."

"ஏங்க..." என்றாள் விஜயகலா.

"என்னா?"

அவள் வாயைத் திறந்தாள். ஹேண்டிலைப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல," என்றாள்.

இந்த இடத்தில் உங்களுக்கு அவள் மேல் கோபம் வரும். எனக்கும் வந்தது. அவளுக்காக அடிபட்டவன் பீலியடியில் தோல் உரிந்து கிடக்கிறான், இவள் ஒண்ணுமில்ல என்கிறாள். ஆனால் அந்த இரும்பின் கனம் நமக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணுங்க," என்றாள் கொஞ்சம் பொறுத்து.

"எதுல? இதுலயா? மொதல்ல வண்டி. வண்டியில என்னா பண்ணியிருக்கான்னு தெரியாம எவனும் லயத்த விட்டு எறங்கக் கூடாது."

கடை டெலிபோனிலிருந்து டவுனுக்குத் தகவல் போனது. புவாட் தன் வேனில் சாமான்களோடு வந்து சேர்ந்தார். எஹலியகொடை டவுனில் கராஜ் வைத்திருக்கும் மனிதர். எல்லாரும் புவாட் பாஸ் என்பார்கள். ஒஸ்டினின் வயது அவருக்குத்தான் சரியாகத் தெரியும் என்று ஊரில் கேலி உண்டு. வந்தவர் முதலில் காரைப் பார்க்கவில்லை. காம்பரா வாசலில் பாயில் கிடந்த சசியைப் பார்த்தார். யாரோ காயத்தில் பற்பசை தடவியிருந்தார்கள்.

"இதென்ன ஏழுமல? மொதல்ல இவர கொண்டு போவோம். வண்டி ஓடிப் போகாது."

"பாஸ், ஒங்கள வண்டி பாக்கத்தான் கூப்பிட்டேன்."

புவாட் அவன் கையிலிருந்த இரும்பைப் பார்த்தார். சீக்கிரம் வேலையை முடித்துவிட்டுப் பையனை ஏற்றிக்கொண்டு போவதுதான் புத்தி என்று நினைத்திருக்க வேண்டும். கைச் சட்டையை மடித்துக்கொண்டு குனிந்தார்.

எண்ணெய்க் கம்பியை உருவித் துணியில் துடைத்துப் பார்த்தார். "எண்ணெய் நல்லா ஈக்கி. தண்ணி கலக்கல்ல. கேஸ்கட் போகல்ல, தப்பிச்சீங்க." இருக்கிறது என்பது அவர் பேச்சில் ஈக்கி. பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்தினார். "இதுலயும் பிழை இல்ல."

தண்ணீர் ஊற்றி எஞ்சினை ஓடவிட்டார். முள் ஏறத் தொடங்கியதும் உள்ளங்கையை ரேடியேட்டரின் மேல்பக்கம் வைத்து உடனே எடுத்தார். பிறகு கீழ்ப்பக்கம் வைத்தார். வைத்த கையை எடுக்கவே இல்லை.

"மேல நெருப்பு. கீழ சில்லுண்டு ஈக்கி. தண்ணி எறங்கல்ல, ஏழுமல. உள்ளுக்கு என்னமோ அடெச்சீக்கி."

"நான் சொல்லல?" என்றான் ஏழுமலை.

எஞ்சினை நிறுத்தி ஆறவைத்துக் கீழ் ஹோஸைக் கழற்றினார். வாளி நிறையக் கொட்ட வேண்டிய தண்ணீர் நூல் மாதிரி வழிந்தது. புவாட் ஒரு கம்பியின் நுனியை வளைத்து உள்ளே விட்டுக் கிளறினார். ஏதோ மாட்டியது. மெதுவாக இழுத்தார்.

மஞ்சளும் வெள்ளையுமாக ஒன்று நீண்டுகொண்டே வந்தது. இழுக்க இழுக்க வந்தது. பாதியில் விட்டபோது சுருங்கிப் போய்க் கம்பியில் ஒட்டிக்கொண்டது. புளித்த நாற்றம் அடித்தது. அந்த லயத்தில் பிறந்த யாருக்கும் அந்த நாற்றத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

"ரப்பர் பால்," என்றார் புவாட் ஆச்சரியத்தோடு. "சூட்டுல தெரஞ்சு போயிக்கி."

விஜயகலா கம்பியில் தொங்கியதைப் பார்த்தாள். வாளியில் காய்ந்த மாதிரி ஓட்டையில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். உள்ளே அத்தனை மெல்லிய குழாய்கள் இருக்கும், எல்லாவற்றிலும் போய் இறுகும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்.

"ஸ்டோர்ல பாலுல கைய வச்சிக்கிட்டு நிக்கிறவன் எவன்?" என்று கேட்டான் ஏழுமலை. அவன் குரல் இப்போது தாழ்ந்திருந்தது. அது இன்னும் மோசம் என்பது விஜயகலாவுக்குத் தெரியும்.

"பொறுங்க," என்றார் புவாட். ரேடியேட்டரின் அடி மூலையைத் துணியால் துடைத்தார். "இங்க பாருங்க. இதுல பழைய ஓட்டை ஒண்டு ஈந்தீக்கி. உள்ளுக்கால அடெச்சீக்கி. கெடுக்க வாரவன் மண்ணள்ளிப் போடுவான், அமிலத்த ஊத்துவான். ஓட்டைய அடெச்சிட்டா போவான்? இது வண்டிய காப்பாத்தப் பாத்த ஆள். வேல தெரியாம செஞ்சீக்கி, அவ்வளவுதான். அதோட இந்தத் தோட்டத்துல பாலுல கை வெக்காதவன் யாரு?"

ஏழுமலை கேட்கவில்லை. கேட்கிறவனாக இருந்தால் இந்தக் கதையே இல்லை. அவன் ஹேண்டிலோடு காம்பராவுக்குள் போனான். சசி எழுந்து உட்கார முயன்றுகொண்டிருந்தான். அவனை யாரோ பாயோடு உள்ளே இழுத்துப் படுக்க வைத்திருந்தார்கள்.

"நீதான ஊத்துன?"

சசி பதில் சொல்வதற்கு முன் வாசல் பக்கம் பார்த்தான். அங்கே அண்ணி நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இரண்டு நாளாக அவள் பாட்டு முணுமுணுத்ததும் விளங்கிவிட்டது.

"ஆமா," என்றான். "நான்தான் ஊத்துனேன். இப்ப என்னா?"

முதல் அடியைத் தடுக்க அவன் நல்ல கையைத் தூக்கினான். மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முறிந்த சத்தம் வெளியில் நின்ற புவாட்டுக்குக் கேட்டது. இரண்டாவது அடி விலாவில் விழுந்தது. சசி சுருண்டுகொண்டான். மூன்றாவது அடி பாயில் பட்டு, அடியில் இருந்த சிமெந்து பெயர்ந்தது.

"நான்தாங்க ஊத்துனேன்," என்றாள் விஜயகலா.

கேட்கவில்லை. அடுத்த காம்பராவில் ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. ஏதோ சோப்பு விளம்பரம், ஒரு பெண் சிரித்துச் சிரித்துப் பேசினாள்.

"நான்தான், நான்தான் ஊத்துனேன்."

ஏழுமலை மறுபடி கையை ஓங்கினான். விஜயகலா சுற்றும்முற்றும் பார்த்தாள். வாசலில் அவளுடைய பழைய பால் வாளி கிடந்தது, ரப்பரும் சீலையும் வைத்து ஒட்டுப்போட்ட வாளி. அதை எடுத்துத் தங்கம்மாவின் காம்பராவையும் தன் காம்பராவையும் பிரிக்கும் தகரத் தடுப்பில் ஓங்கி அடித்தாள். மறுபடி அடித்தாள். தகரம் உள்வாங்கும்வரை அடித்தாள்.

"தங்கம்மாக்கா, அந்த ரேடியோவ நிப்பாட்டுங்க. இன்னைக்கு கேட்கட்டும். எல்லாருக்கும் கேட்கட்டும்."

ரேடியோ நின்றது. அதற்கடுத்த காம்பராவிலும் நின்றது. அந்த லயம் அவ்வளவு அமைதியாக இருந்து யாரும் பார்த்ததில்லை. சசி மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.

"பால நான்தான் ஊத்துனேன்," என்றாள் விஜயகலா. இப்போது கத்த வேண்டியிருக்கவில்லை. "ஒரு செரட்டை. திங்கக்கெழமை காலையில."

ஏழுமலை திரும்பினான். அவனுக்கு அது உடனே புரியவில்லை. "நீயா? நீ ஏன்டி என் வண்டிய கெடுக்கப் போற?"

"கெடுக்கல. ஓட்டைய அடச்சேன். தண்ணி கொறஞ்சா அடிக்கிறீங்க. அதான் கொறையாம இருக்கப் பாத்தேன்."

வாசலில் புவாட் நின்றார். அவருக்குப் பின்னால் தங்கம்மா. தங்கம்மாவுக்குப் பின்னால் அந்த லயத்தின் பாதிப் பேர். இத்தனை நாள் ரேடியோவுக்குப் பின்னால் இருந்தவர்கள், இப்போது நேரே நின்று பார்த்தார்கள். தங்கம்மாவின் கண்கள் சிவந்திருந்தன. அவளுக்கு அவமானமாக இருந்தது.

ஏழுமலை ஹேண்டிலை ஓங்கி அவள் தோளில் அடித்தான். அத்தனை பேர் முன்னாலும் அடித்தான். அவள் முட்டி போட்டு விழுந்தாள். தலைக்கு ஓங்கியதைப் புவாட் பின்னாலிருந்து பிடித்துவிட்டார். இரண்டு பேரும் புரண்டார்கள். புவாட்டின் உதடு கிழிந்தது. தங்கம்மாதான் வந்து ஏழுமலையின் மணிக்கட்டைக் கடித்தாள். கடித்த வேகத்தில் இரும்பு கீழே விழுந்தது. அதை யாரோ எடுத்துச் சாக்கடைக் கானுக்குள் வீசினார்கள்.

"இவ்வளவு காலம் கேட்டும் கேட்காத மாதிரி இருந்துட்டோம்," என்றாள் தங்கம்மா, வாயைத் துடைத்துக்கொண்டு. யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று தெரியவில்லை.

ஏழுமலை காம்பராவை விட்டு வெளியே போனான். கூட்டம் அவனுக்கு வழிவிட்டது, ஆனால் தலை குனியவில்லை. அவன் காரின் பக்கம் போய் நின்று, கம்பியில் தொங்கிய ரப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சசியைப் பாயோடு தூக்கி வேனில் வைத்தார்கள். விஜயகலா பால் வெட்டும் உடுப்போடேயே ஏறினாள். இடது தோளைத் தூக்க முடியவில்லை. சீலையில் ரப்பர் கறையும் இரத்தக் கறையும் இருந்தன. புவாட் வாயைத் துணியால் அழுத்திக்கொண்டு ஓட்டினார்.

"அண்ணி," என்றான் சசி வழியில்.

"பேசாத."

"எனக்கு மொதல்லயே சொல்லியிருந்தா, ஓட்டைய பாஸ்கிட்ட காட்டி ஒட்டியிருப்பேன்."

அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

டவுன் ஆஸ்பத்திரியில் சசியை உள்ளே கொண்டுபோனார்கள். கைக்கு மாவு கட்ட வேண்டும், காயத்தைக் கழுவ வேண்டும், விலாவைப் படம் எடுக்க வேண்டும். விஜயகலாவின் தோளையும் ஒரு டொக்டர் பார்த்தார். எலும்பு விலகவில்லை, ஆனால் பொலிஸுக்குச் சொல்லாமல் விடமாட்டேன் என்றார். ஆஸ்பத்திரிப் பொலிஸ் போஸ்ட் வாசல் கேட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒரு மேசை, ஒரு பெஞ்சு, நரைத்த மீசையோடு ஒரு கான்ஸ்டபிள்.

அந்த மனிதருக்கு அவளைத் தெரியும். முன்பும் இதே பெஞ்சில் அவளை உட்காரவைத்துக் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அவள் சிங்களத்தில் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறாள். லிஸ்ஸலா வெட்டுணா. வழுக்கி விழுந்துட்டேன். மழை பெய்கிற ஊர், மலை வழுக்கும், அவரும் நம்பியது போல இருந்துவிடுவார்.

"ஆயெத் லிஸ்ஸுவத?" என்றார் நிமிராமல். மறுபடியும் வழுக்கிவிட்டதா.

விஜயகலா பெஞ்சில் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டுப் பக்கம் பார்த்தாள்.

வெளியே ஒரு த்ரீவீலரிலிருந்து ஏழுமலை இறங்கிக்கொண்டிருந்தான். முகம் கழுவியிருந்தான். காலையில் போட்ட வெள்ளைச் சட்டைதான், மணிக்கட்டில் ஒரு லேஞ்சித் துணியைச் சுற்றியிருந்தான். மறு கையில் எண்ணெய் ஊறிய கடதாசிப் பை இருந்தது. அவளைக் கண்டதும் அந்தப் பையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினான். வா, சாப்பிடு, முடிந்தது என்று சொல்வது போல.

மறுநாள்வரை கூட அவன் பொறுக்கவில்லை.

"நே மாத்தயா," என்றாள் விஜயகலா. இல்லை ஐயா. "லிஸ்ஸுவே நே. கெஹுவா." வழுக்கவில்லை, அடித்தார்கள்.

கான்ஸ்டபிள் இப்போதுதான் நிமிர்ந்தார். அவள் தோளைப் பார்த்தார், சீலையைப் பார்த்தார்.

"கவ்த?" என்றார். யார்.

விஜயகலாவால் இடது கையைத் தூக்க முடியவில்லை. வலது கையைத் தூக்கினாள். ரப்பர் பால் காய்ந்து கறுத்த விரலைக் கேட்டுப் பக்கம் நீட்டினாள். அவருக்கு விளங்க வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னாள். அவனுக்கும் விளங்க வேண்டும் என்று தமிழிலும் சத்தமாகச் சொன்னாள்.

"அந்தா, மாலுபாண் பையோட நிக்கிறாரே. அவருதான்."